கேம்பரில் இருக்கும்போது புயல் வந்தால் உள்ளே இருப்பதா, வெளியேறுவதா?

கேள்வி

வணக்கம். காரில் இணைத்து இழுத்துச் செல்லும் கேம்பர் ட்ரெய்லரில் சில நாட்கள் தங்கத் திட்டமிட்டிருக்கிறோம். சிறு பிள்ளைகளும் வயதான என் தாயாரும் உடன் வருவதால், இரவில் சூறைக்காற்றோ இடிமழையோ வந்தால் உள்ளேயே இருப்பதா, வெளியேறுவதா என்ற கவலை என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. முன்கூட்டியே என்னென்ன செய்துவைக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

அடித்தளம் இல்லாத, எடை குறைந்த, அகன்ற பக்கங்களைக் கொண்ட ட்ரெய்லரைப் பலத்த பக்கக்காற்று கவிழ்த்துவிடக்கூடும் என்பதால், சூறாவளி எச்சரிக்கை வந்த பிறகு அதற்குள் தங்கியிருக்கக் கூடாது. முகாமிடத்தை அடைந்ததும், பொருட்களை இறக்குவதற்கு முன்பே, அருகிலுள்ள உறுதியான கட்டடம் எது, இரவிலும் திறந்திருக்குமா என்று விசாரியுங்கள். பிறகு தாயாரை அழைத்துக்கொண்டு, அவருடைய நடை வேகத்திலேயே அங்கு சென்று பாருங்கள். உங்களுக்கு ஐந்து நிமிடமாகத் தோன்றும் தூரம் அவருக்குப் பதினைந்து நிமிடமாகலாம், புறப்பட வேண்டிய நேரத்தைத் தீர்மானிப்பது அந்தக் கணக்குதான்.

மின்னலைப் பொறுத்தவரை, மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்கும் குறைவாக இருந்தால், அது ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். முழு உலோக உடலுள்ள வாகனம் மின்சாரத்தைத் தன் வெளிப்புறத்தின் வழியே தரைக்குக் கடத்திவிடும். உலோகக் கூடு இல்லாத ஃபைபர்கிளாஸ் ட்ரெய்லருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உங்களுடையது அத்தகையதானால், அருகில் கட்டடம் இல்லாதபோது காருக்குள் சென்று கண்ணாடிகளை மூடிக்கொள்வது மேல். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள்.

வறண்டு கிடக்கும் ஓடையின் ஓரத்தில் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். தலைக்கு மேல் ஒரு துளி விழாதபோதும், மேட்டுப் பகுதியில் பெய்த மழை அதில் வெள்ளமாக வந்து சேரும். சுமார் 30 சென்டிமீட்டர் நீரே பல கார்களை மிதக்கச் செய்துவிடும். 60 சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடும் நீர் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் சென்றுவிடும். சாலையின் மேல் நீர் ஓடினால் திரும்பிவிடுங்கள்.

பதில் 2

மேலே சொன்னவற்றோடு, கேம்பருக்கு உள்ளே இருக்கும் ஆபத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, குளிருக்காக எரிவாயு அடுப்பைப் பற்றவைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது. அடைத்த இடத்தில் அடுப்பு எரியும்போது சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைக் கண்டறியும் கருவி இல்லாமல் கேம்பரில் உறங்கவே கூடாது. ஜெனரேட்டர் குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வேறு பக்கம் நோக்கியிருக்கட்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அதற்கான கருவியைத் தாழ்வாகவே பொருத்த வேண்டும்.

அவசர வழிச் சன்னலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நெடுநாள் திறக்கப்படாத சன்னலின் ரப்பர் விளிம்பு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தாழ்ப்பாளை நீக்கிய பிறகும் இரு கைகளாலும் பலமாகத் தள்ளினால்தான் அசையும். புகை நிறைந்த இருட்டில் ஒரு குழந்தையால் அதைச் செய்ய முடியாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. எச்சரிக்கை நள்ளிரவில் வந்து, கைபேசியில் சிக்னலும் இல்லையென்றால் என்ன செய்வது? ட்ரெய்லரை இணைத்துக்கொண்டு புறப்பட நேரம் இருக்குமா?

பதில் 1 எழுதியவர்

இணைக்க முயலாதீர்கள், ட்ரெய்லரை அப்படியே விட்டுவிட்டுக் காரில் புறப்படுங்கள். அதற்கு வசதியாகக் காரை வெளியேறும் திசை நோக்கி நிறுத்தி, எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் இயங்கும் வானிலை வானொலி ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும். எச்சரிக்கைகள் பெரும்பாலும் மாவட்டப் பெயரைச் சொல்லியே வரும் என்பதால், நீங்கள் இருக்கும் மாவட்டத்தின் பெயரையும் முகாமிட எண்ணையும் தாளில் எழுதிக் கதவருகே ஒட்டுங்கள். தாயாரின் மருந்துகள், டார்ச், எல்லோருடைய காலணிகள் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு அதே கதவருகே வைத்துவிட்டு உறங்கச் செல்லுங்கள்.