முளைப்பாரி என்பது விதைச் சோதனையா?

மண்வாசனை: ஆடியில் நம் கடற்கரைக் கிராமங்களில் அம்மனுக்காக விதைகளை முளைக்கவைத்து வளர்க்கும் முளைப்பாரி வெறும் சடங்கன்று, புரட்டாசி விதைப்புக்கு முன் விதையின் முளைப்புத்திறனை அறிய நம் முன்னோர் வகுத்த சோதனை அது.

சாயல்குடியாள்: ஒவ்வோர் ஆடிக்கும் இதே கதையை எழுதுகிறீர்கள், தம்பி. விதையைச் சோதிப்பவர் அதை இருட்டறையில் வைத்து மூடுவாரா? முத்து என்று நாம் சொல்லும் விதையைப் பரப்பி, மேலே எருவைத் தூவி, விரதமிருக்கும் பெண்கள் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிக்க, வெயிலே காணாமல் தட்டைப்பயறு வெளிர்மஞ்சளாய் ஒரு சாணுக்கு மேல் எழுவதை நான் வளர்த்துப் பார்த்தவள். நீங்கள் ஊர்வலத்தை மட்டும் பார்த்தவர்.

மண்வாசனை: விதை முளைக்க வெளிச்சம் எதற்கு, அக்கா? மண்ணுக்குள்ளும் இருட்டுத்தானே?

சாயல்குடியாள்: பயறு முளைத்ததா என்று பார்க்க மூன்று நாள் போதும். அதற்குப் பிறகும் பாரியை நீரில் கரைக்கும் நாள்வரை ஏன் இருட்டு? வெளிச்சம் இல்லாததால்தான் தண்டு நீள்கிறது, இலை பச்சை பிடிக்காமல் நிற்கிறது. அந்த நிறம் வாய்க்க வேண்டும் என்றுதான் கதவிடுக்கைக்கூடச் சாக்கால் அடைக்கிறோம். நிறம் கெட்டால் வளர்த்தவள் முகம் வாடிவிடும். இதில் சோதனை எங்கே இருக்கிறது?

தொண்டிக்காரர்: எங்கள் பக்கம் பாரியைக் கடலில்தான் கரைப்போம். ஊருணியில் கரைப்பவர்கள் முறையைப் பற்றிப் பேசுவது வியப்பாக இருக்கிறது.

சாயல்குடியாள்: ஊருணியைக் குறைத்துப் பேசாதீர்கள், அண்ணன். கடல் எட்டாத ஊர்களுக்கு அம்மன் கிடையாதா? பாரிக்கான மேடையாகிய முளைக்கொட்டுத் திண்ணையைச் சுற்றி இரவெல்லாம் கும்மி கொட்டிய பெண்கள் தலையில் சுமந்து போய்க் கரைக்கும் நீர் எதுவானாலும் முறைதான். தம்பி, இருட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.

மண்வாசனை: முளைப்பதற்கு இருட்டே போதும் என்று சொல்லியாயிற்று. சென்ற ஆண்டு எருதுகட்டு விவாதத்திலும் இப்படித்தான் பிறரைப் பேசவிடாமல் செய்தீர்கள்.

சாயல்குடியாள்: எருதுகட்டை இங்கே இழுக்காதீர்கள். நம் மானாவாரி நிலத்தில் புழுதியில் விதைப்பது நெல்; பாரியில் பெரும்பாலும் போடுவது பயறு. நெல் விதைக்கப் போகிறவர் பயற்றை இருட்டில் வளர்த்து எதைத் தெரிந்துகொள்வார்?

மண்வாசனை: நவதானியத்தில் நெல்லும் உண்டு.

தொண்டிக்காரர்: இருந்தாலும் கரைப்பது கடலில்தான்.

சாயல்குடியாள்: நெல்லும் உண்டென்றால் அதை மட்டும் வெளிச்சத்தில் வைத்தீர்களா, தம்பி?