தறி நின்ற பிறகு ஆம்ப்ளிஃபையர் உறுமுகிறது: சேலம் நண்பர்கள் வழி சொல்லுங்கள்

அம்மாபேட்டை_ரசிகர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், சென்ற தை மாதம் பெங்களூரில் ஒருவரிடமிருந்து கிளாஸ் ஏ வகை ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். இரண்டு பக்கமும் சூட்டை வெளியேற்றும் கறுப்பு உலோகச் சிறகுகள் (ஹீட் சிங்க்), உள்ளே வட்டமான டோராய்டு டிரான்ஸ்ஃபார்மர் என்று ஒரு கையால் தூக்க முடியாத கனம். பின்புறத் தகட்டில் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 60 வாட் என்று பொறித்திருக்கிறது. ஹெட்போன் சென்ஹைசர் ஹெச்டி 650.

எங்கள் தெருவில் விசைத்தறிகள் காலையில் தொடங்கினால் இரவு பத்து மணிக்குத்தான் ஓயும். ஹெச்டி 650 இரு பக்கமும் வலை வைத்துத் திறந்திருக்கும் வகை என்பதால் தறிச் சத்தம் முழுவதும் காதுக்குள் வந்துவிடும். எனவே பத்து மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம்தான் நான் பாட்டுக் கேட்க முடியும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே இதை வாங்கினேன். வீணையில் ஒரு தந்தியை மீட்டிவிட்டு விரலை எடுக்காமல் இழுக்கும்போது அந்த நாதம் தேய்ந்து தேய்ந்து எங்கே போய் முடிகிறது என்பதை, வாழ்க்கையில் முதன்முறையாக இந்தப் பெட்டியின் வழியாகத்தான் முழுமையாகக் கேட்டேன்.

பங்குனி பிறந்ததிலிருந்து இரண்டு தொல்லைகள். ஒன்று, மூடிய சொம்புக்குள் வண்டு சிக்கிக்கொண்டது போன்ற உறுமல். பாட்டின் மெல்லிய இடங்களில் அது தெளிவாகக் கேட்கிறது. மற்றொன்று, சூடு. முன்பு ஹீட் சிங்கின் மேல் உள்ளங்கையை வைத்து இருபது எண்ண முடிந்தது. இப்போது ஐந்து எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட வேண்டியிருக்கிறது. விற்றவரிடம் கேட்டதற்கு, அவர் வீட்டில் மூன்று ஆண்டுகளில் ஒரு நாளும் இப்படி இருந்ததில்லை என்கிறார், அவர் பொய் சொல்பவராகத் தெரியவில்லை. அணைக்காமல் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடவிட்டால் சரியாகிவிடும் என்று வேறொருவர் சொன்னார். பெட்டி பழுதாகிக்கொண்டிருக்கிறதா, அல்லது நான் ஏதாவது தவறு செய்கிறேனா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஐந்துரோடு_ஒலி எழுதியது:

டோராய்டு உறுமினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்சாரத்தில் கலக்கும் டிசி, அதாவது திசை மாறாமல் ஒரே பக்கம் ஓடும் மின்சாரம். சுற்றுவட்டாரத்தில் யாராவது ஹேர் டிரையரைப் பாதி வேகத்தில் வைத்தாலோ, வேறு ஏதாவது கருவி மின்சார அலையின் ஒரு பாதியை மட்டும் இழுத்தாலோ, லைனில் சில நூறு மில்லிவோல்ட் டிசி சேர்ந்துவிடும். டோராய்டின் இரும்பு வளையத்தில் காற்று இடைவெளி எதுவும் இல்லாததால், அந்தச் சிறிய டிசியே இரும்பைக் காந்தத்தால் ஒரு பக்கமாக நிரப்பி அதிர வைக்கப் போதுமானது. பெரிய கெபாசிட்டர்களும் டையோடுகளும் கொண்ட டிசி பிளாக்கர் ஒன்றை லைனில் போட்டால் நின்றுவிடும். என் வீட்டில் அப்படித்தான் நின்றது.

செவ்வாய்பேட்டை_ரிப்பேர் எழுதியது:

தம்பி, பயப்பட வேண்டாம், நீங்கள் எழுதியதைப் படித்தவரை பெட்டி பழுதாகவில்லை. முப்பது ஆண்டுகளாக ஆம்ப்ளிஃபையர் திறந்து மூடுகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உறுமல் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். ஆம்ப்ளிஃபையர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்போன் பிளக்கை மட்டும் உருவிவிட்டு, அறையில் அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள். பிளக்கை உருவிய பிறகும் உறுமல் இருந்தால், அது மின்சுற்றின் வழியாகக் காதுக்கு வரவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் உடம்பே அதிர்கிறது, திறந்த வகை ஹெட்போன் ஆதலால் அந்தச் சத்தம் வெளியிலிருந்து உள்ளே நுழைகிறது. ஒரு நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பெட்டியின் அடிப்பக்க மைய போல்ட்டில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்தால் வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பில் கேட்பது போலக் கேட்கலாம். பெட்டியைத் திறக்காமல், வெளியிலிருந்து மட்டும் இதைச் செய்யுங்கள். மாறாக, பிளக்கை உருவியதும் உறுமல் மறைந்தால் அது எர்த் தொடர்பான வேறு கதை. அதற்கு வேறு மருந்து.

ஐந்துரோடு நண்பர் சொன்ன டிசி உண்மையிலேயே உண்டு, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது வரும்போது சட்டென்று வரும், போகும்போது சட்டென்று போகும், ஏனென்றால் யாரோ ஒருவர் எங்கோ ஒரு சுவிட்சைப் போட்டு அணைக்கிறார். சூடு அதனால் இந்த அளவு ஏறாது. உங்களுக்கு உறுமலும் சூடும் ஒன்றாக வந்திருக்கின்றன என்பதுதான் என்னை வேறு பக்கம் திருப்புகிறது.

உங்கள் தகட்டில் இருப்பது 220 வோல்ட். நம் நாட்டின் அளவு 230. சீனாவில் உள்நாட்டு விற்பனைக்குச் செய்யும் கருவிகளில் 220 என்றுதான் இருக்கும். ஐரோப்பாவிலும் முன்பு பல நாடுகளில் அதுவே அளவு. பத்து வோல்ட் வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் அம்மாபேட்டையில் பகல் முழுவதும் தறி மோட்டார்கள் இழுத்துக்கொண்டிருந்த லைனில், இரவு பத்து மணிக்கு அத்தனையும் ஒன்றாக நின்றால் வோல்டேஜ் எங்கே போகும்? மேலே ஏறும். நீங்கள் கேட்க உட்காரும் அமைதியான நேரமும், வோல்டேஜ் உச்சத்தில் நிற்கும் நேரமும் ஒன்றேதான் என்று நினைக்கிறேன். வோல்டேஜ் ஏற ஏற டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு தாங்கும் எல்லையை நெருங்கி, நூறு ஹெர்ட்ஸ் அதிர்வாக உறுமத் தொடங்கும்.

சூட்டுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபையரில் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் டிரான்சிஸ்டர்களில் முழு மின்னோட்டம் போய்க்கொண்டே இருக்கும். ஒலிக்காத நேரத்திலும் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வோல்டேஜ் ரெகுலேட்டர் இல்லாத வடிவமைப்பாக இருந்தால், 220 கேட்கும் பெட்டிக்கு 250 கொடுக்கும்போது வெப்பம் 14 சதவீதத்திலிருந்து 29 சதவீதம் வரை கூடும். அதோடு பெங்களூர் அறையைவிடச் சித்திரை நெருங்கும் சேலத்து அறை சூடு அதிகம். உள்ளே திரவம் கொண்ட எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. ஆகவே இருபத்து நான்கு மணி நேரமும் ஓடவிடுங்கள் என்று சொன்னவர் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்பதற்கு அரை மணி நேரம் முன்பு போட்டால் போதும். நாள் முழுவதும் ஓடினால் ஒன்றரை யூனிட் வீணாவது ஒரு பக்கம் இருக்க, கெபாசிட்டர்கள் காய்ந்து போவதுதான் எனக்கு வருத்தம்.

ஊகத்தில் நிற்க வேண்டாம். ஒரு மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் நிலையில் வைத்து, பகல் நான்கு மணிக்கும் இரவு பதினொரு மணிக்கும் அதே சாக்கெட்டில் அளந்து எழுதுங்கள். பழக்கமில்லையென்றால் எலக்ட்ரீஷியனை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை_ரசிகர் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். பிளக்கை உருவிய பிறகும் உறுமல் அப்படியே இருந்தது. நான்கு நாள் அளந்தோம். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பி உடனிருந்தார். பகல் நான்கு மணிக்கு 224 முதல் 229 வரை. இரவு பதினொரு மணிக்கு 247, 250, 251. தறிகள் ஓடாத ஞாயிற்றுக்கிழமை மதியமே 248 காட்டியது, அன்று மதியமே உறுமலும் இருந்தது. மீட்டரில் எண்ணைப் பார்த்தபோது, பாவம், இத்தனை நாள் இந்தப் பெட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேனே என்றுதான் முதலில் தோன்றியது. இனி என்ன செய்யலாம்? ஏசிக்குப் போடும் ஸ்டெபிலைசர் ஒன்று வீட்டில் சும்மா இருக்கிறது.

ஏற்காடு_காப்பித்தோட்டம் எழுதியது:

ஸ்டெபிலைசர் வேண்டாம் என்பது என் அனுபவம். ரிலே (தானாக மாறும் சுவிட்ச்) வகை ஸ்டெபிலைசர் படிப்படியாகத்தான் வோல்டேஜை மாற்றும். ஒவ்வொரு முறை ரிலே மாறும்போதும் டக் என்று சத்தம், கூடவே ஒரு கணம் மின்சாரம் துடிக்கும். அமைதியான ஆலாபனை நடுவில் அதைக் கேட்பதற்கு உறுமலே மேல்.

மலை மேல் எனக்கு நேர் எதிரான நிலைமை. வோல்டேஜ் பல நாள் 200க்குக் கீழே, மின்வெட்டும் அடிக்கடி. இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்று பார்த்தேன். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் போட்ட கூச்சலில் பயந்து உடனே அணைத்துவிட்டேன். பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கிய பிறகுதான் நிம்மதி. சூட்டைப் பொறுத்தவரை எங்களுக்குக் கவலையில்லை. 1500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் ஹீட் சிங்க் கொஞ்சம் மெதுவாகத்தான் ஆறும், ஆனால் கீழே உங்கள் ஊரைவிடப் பல டிகிரி குளிர்ச்சியாக இருப்பதால் கணக்கு எங்கள் பக்கமே சாய்கிறது. எங்கள் தொல்லை மூடுபனியும் பல்லியும். கதகதப்பைத் தேடிப் பல்லி ஹீட் சிங்க் இடுக்கில் வந்து படுத்துக்கொள்கிறது. ஐப்பசி முழுவதும் மூடிக் கிடந்த ஆம்ப்ளிஃபையரின் வால்யூம் குமிழ் கார்த்திகையில் கரகரத்தது. பலமுறை முழுச் சுற்றுச் சுற்றிய பிறகுதான் தெளிந்தது. இடி வந்தால் சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையே உருவிவிடுங்கள், கம்ப்யூட்டரிலிருந்து வரும் யுஎஸ்பி வயரையும் சேர்த்து.

60 வாட் இழுக்கும் பெட்டி காதுக்குத் தருவது எவ்வளவு என்று என் மகள் கேட்டாள், கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஹெச்டி 650 ஒரு வோல்ட்டுக்கு 103 டெசிபல் தரும், 300 ஓம். 110 டெசிபல் உச்சத்துக்கே 2.24 வோல்ட், அதாவது 17 மில்லிவாட்டுக்குள் முடிந்துவிடுகிறது. சராசரி ஒலியை 80 டெசிபலுக்குள் வைத்தால் வாரம் 40 மணி நேரம் பாதுகாப்பாகக் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எனவே உங்கள் ஆம்ப்ளிஃபையரில் கெயின் சுவிட்ச் (எத்தனை மடங்கு பெருக்குவது என்று தேர்வது) இருந்தால் குறைந்த நிலையில் வையுங்கள். குமிழை மணி எட்டு நிலையிலேயே, அதாவது மிகக் குறைவாக வைத்துக் கேட்டால் பல பெட்டிகளில் இடது வலது சமமாக இருக்காது. கெயினைக் குறைத்தால் குமிழைப் பாதி வரை திருப்பிக் கேட்கலாம், வீணை நடுவில் வந்து உட்காரும்.

செவ்வாய்பேட்டை_ரிப்பேர் எழுதியது:

அளந்து எழுதியதற்கு நன்றி தம்பி. தோட்டத்து நண்பர் சொன்னது சரி, அந்த ஸ்டெபிலைசரை ஏசிக்கே விட்டுவிடுங்கள்.

உங்களுக்குத் தேவை 25 வோல்ட்டைக் கழிப்பது மட்டும்தான். எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் 12-0-12 (நடு வயரின் இரு பக்கமும் 12 வோல்ட், மொத்தம் 24), 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கும். அதன் பிரைமரியை (லைன் மின்சாரம் நுழையும் சுற்றை) லைனில் இணைத்து, செகண்டரியின் (குறைந்த வோல்டேஜ் வெளிவரும் சுற்றின்) இரண்டு ஓரங்களையும் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் ஃபேஸ் வயரில் எதிர்த்திசையில் தொடராக இணைத்தால், உள்ளே வரும் வோல்டேஜிலிருந்து 24, 26 வோல்ட் கழிந்துவிடும். நடு வயரை இன்சுலேஷன் சுற்றித் தனியே விட்டுவிட வேண்டும். உங்கள் பெட்டி இழுப்பது கால் ஆம்பியர்தான் என்பதால் இந்தச் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் அதிகம் சூடேறாது. ஃபியூஸ் வைத்து, மூடிய இரும்புப் பெட்டிக்குள், பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் உடம்புக்கும் எர்த் கொடுத்து, எலக்ட்ரீஷியன் கையால் செய்ய வேண்டிய வேலை இது. நீங்களே செய்ய வேண்டாம். மிக முக்கியமானது: செகண்டரி வயர்களைத் திருப்பி இணைத்துவிட்டால் கழிவதற்குப் பதிலாகக் கூடி 275 ஆகிவிடும். ஆகவே முதலில் ஒரு குண்டு பல்பை மட்டும் மாட்டி, மீட்டரில் குறைந்த எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகே ஆம்ப்ளிஃபையரை இணைக்கச் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை_ரசிகர் எழுதியது:

ஐயா, நேற்று வேலை முடிந்தது. முதல் முறை மீட்டர் 276 காட்டியது. நீங்கள் எச்சரித்திருக்காவிட்டால் ஆம்ப்ளிஃபையரை நேராக மாட்டியிருப்போம். இரண்டு வயர்களையும் மாற்றிப் போட்டதும் 250 வந்த இடத்தில் 225 நின்றது. இரவு பதினொன்றேகாலுக்கு அறைக் கதவைச் சாத்திவிட்டு, பெட்டியின் மேல் காதை வைத்துப் பார்த்தேன். காது உலோகத்தில் பட்டால் மட்டும் மெல்லிய முனகல், ஒரு சாண் தள்ளினால் ஒன்றுமில்லை. கையை வைத்துப் பதினைந்து வரை எண்ணினேன். அதே வீணைப் பதிவை மீண்டும் போட்டேன். தந்தியின் கடைசி நாதம் முடிந்த பிறகு, பதிவு அறையில் வாசித்தவர் மூச்சு விடுவது கேட்டது.

ஒரு சந்தேகம்: பகலில் 224 வரும்போது இதே வழியில் ஓட்டினால் 200க்கு இறங்கிவிடுமே?

செவ்வாய்பேட்டை_ரிப்பேர் எழுதியது:

தறி ஓடும் பகலில் கேட்பதானால் பெட்டியை அணைத்துவிட்டுப் பிளக்கை நேராகச் சுவர் சாக்கெட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், இரவிலும் தறி ஓடாத ஞாயிறிலும் மட்டும் இந்த வழி. செகண்டரியைக் குறுக்கே இணைத்து பைபாஸ் சுவிட்ச் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விட வேண்டாம். பிரைமரியில் மின்சாரம் இருக்கும்போது செகண்டரி ஷார்ட் ஆகி டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். சாக்கெட் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரைப் போட்டு ஒரு நிமிடம் கழித்து மாட்டுங்கள்.