அம்மாவுக்குக் கீழே தீராத அரிப்பு, தோலும் வெளுக்கிறது. எந்த டாக்டரிடம் போவது?

கேள்வி (தண்டையார்பேட்டை):
அம்மாவுக்கு 58 வயது. பிறப்புறுப்பில் அரிப்பு, ராத்திரி ஆனால் தூக்கமே கிடையாது. வேர்க்குரு என்று பவுடர் போட்டார், அப்புறம் மெடிக்கலில் படர்தாமரை க்ரீம். போட்டால் நாலு நாள் அடங்கும், விட்டால் திரும்ப ஆரம்பிக்கும். இப்போது தோல் வெளுத்து, வெங்காயச் சருகு மாதிரி சுருங்கி, சொறிந்த இடமெல்லாம் வெடிப்பு, சிறுநீர் பட்டால் எரிகிறது என்கிறார். சுகர் நார்மல். வெண்புள்ளியா? ஆம்பளை டாக்டர் என்றால் வரவே மாட்டார்.

பதில் 1:
வெண்புள்ளி பொதுவாக அரிக்காது, தோலும் சுருங்காது. நீங்கள் சொல்வது லைக்கன் ஸ்கிலரோசஸ் என்ற நாள்பட்ட தோல் நோய் மாதிரி இருக்கிறது, எனக்கும் அதுதான். தொற்று இல்லை, சுத்தக்குறைவும் இல்லை, அதனால் அம்மா கூச்சப்பட ஒன்றுமில்லை. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, பெண் டாக்டர் வேண்டும் என்று ஓபியிலேயே கேளுங்கள். சோப்பு, மஞ்சள், வேப்பிலைத் தண்ணீர் எல்லாவற்றையும் இன்றைக்கே நிறுத்துங்கள். சிறுநீர் போவதற்கு முன் வாசலின் தடவினால் எரிச்சல் குறையும்.

பதில் 2 (தோல் பிரிவு நர்ஸ்):
அந்த மெடிக்கல் க்ரீமில் பெரும்பாலும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருக்கும், நாலு நாள் அடங்கியது அந்த ஸ்டீராய்டால்தான். டாக்டர் பார்த்து இந்த நோய்தான் என்றால் வழக்கமாக எழுதுவது க்ளோபெட்டசால் 0.05% ஆயின்ட்மென்ட்: முதல் மாதம் தினம் ராத்திரி, இரண்டாம் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இரண்டு தடவை. 30 கிராம் டியூப் ஒன்று ஏறக்குறைய மூன்று மாதமும் வரும். ஸ்டீராய்டு என்றதும் பயந்து, அரிப்பு நின்ற பத்தாம் நாளே விட்டுவிடுகிறவர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். வெளுப்பு முழுசாகப் போகாமல் இருக்கலாம், அதற்காக அதிகம் தடவ வேண்டாம். ஆறாத புண்ணோ கட்டியோ இருந்தால் பயாப்ஸி (சின்னத் தோல் துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுப்பார்கள், மறுக்காதீர்கள். புற்றுநோயாக மாறுவது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு, ஒழுங்காக மருந்து போட்டால் இன்னும் குறையும், ஆனால் வருஷம் ஒருமுறை காட்டியே ஆக வேண்டும். தைராய்டும் பார்த்துவிடுங்கள், இரண்டும் சிலருக்குச் சேர்ந்தே இருக்கும்.

கேட்டவர்:
நன்றி அக்கா. படித்துக் காட்டினேன், பெண் டாக்டர் என்றால் வருகிறேன் என்கிறார். அதுவரை அந்த க்ரீமைப் போடலாமா?

பதில் 2:
வேண்டாம், வாசலின் போதும். ஓபி சீட்டு காலையிலேயே வாங்கிவிடுங்கள். அந்தப் பழைய டியூபைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்து வாருங்கள், என்ன மருந்து என்று டாக்டர் கேட்பார்.