டர்போ ஏறினால் 100 டிகிரி: டர்போவையே அணைத்துவிடலாமா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. என் டெஸ்க்டாப்பில் இருப்பது இன்டெல் ஐ7-12700 ப்ராசஸர், பெயரின் கடைசியில் கே இல்லாத மாடல். ஒற்றை ஃபேன் உள்ள டவர் கூலர். வீடியோ ரெண்டர் போட்டதும் 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது, சில விநாடிகளிலேயே 100 டிகிரியைத் தொட்டு 3.9-க்கு இறங்கிவிடுகிறது. ஃபேன் கத்துகிற கத்தில் பக்கத்தில் உட்கார முடியவில்லை. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் ப்ராசஸரின் உச்ச அளவை 99 சதவீதமாக வைத்தேன். 65 டிகிரி, சத்தமே இல்லை! ஆனால் 24 நிமிடத்தில் முடிந்த ரெண்டருக்கு 43 நிமிடம் ஆகிறது. இப்படியே விட்டுவிடலாமா?

பதில் 1

வேண்டாம். 99 என்று வைத்தால் டர்போ, அதாவது வேலை கூடும்போது ப்ராசஸர் தானாக வேகத்தை ஏற்றிக்கொள்ளும் வசதி, முழுசாகவே அணைந்துவிடும். உங்கள் சிபியுவின் அடிப்படை வேகம் 2.1 தான், அதில்தான் ஓடியிருக்கும். கொசுவுக்குப் பயந்து வீட்டையே பூட்டிவிட்டுப் போன மாதிரி.

பயாஸில், அதாவது மதர்போர்டின் செட்டிங்ஸ் திரையில், பிஎல்1, பிஎல்2 என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிபியு தொடர்ந்து இழுக்கக்கூடிய மின்சாரத்தின் வரம்பு பிஎல்1, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இழுக்கக்கூடியது பிஎல்2.

கேட்டவர்

இரண்டிலும் 4095 வாட் என்று இருக்கிறது. இது என்ன கணக்கு?

பதில் 1

வரம்பே இல்லை என்பதற்கு மதர்போர்டு வைத்திருக்கும் எண் அது. உங்கள் சிபியுவுக்கு இன்டெல் சொல்வது பிஎல்1 65 வாட், பிஎல்2 180 வாட். கொஞ்ச நேரம், அதாவது 28 விநாடி போல, 180 வரை இழுத்துக்கொள்ளலாம், அப்புறம் 65-க்கு இறங்க வேண்டும். பல மதர்போர்டுகள் இதைக் கண்டுகொள்வதில்லை. பெஞ்ச்மார்க்கில் நல்ல எண் வர வேண்டுமே!

பிஎல்1 125, பிஎல்2 150 என்று வைத்துப் பாருங்கள். வேகம் பெரிதாகக் குறையாது. கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் வோல்டேஜ் தாறுமாறாக ஏறுகிறது, மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறும். அந்தக் கடைசித் துளி வேகத்துக்குத்தான் இத்தனை சூடும்.

பதில் 2

வோல்டேஜையே குறைக்கலாமே?

பதில் 1

கே இல்லாத 12-ஆம் தலைமுறையில் பெரும்பாலும் அது பூட்டியிருக்கும். பவர் வரம்பை மாற்றத் தடையில்லை.

பதில் 3

பயாஸைத் தொடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே ரெண்டரை ஓட்டுங்கள். வெப்பம் நன்றாக இறங்கினால் கேபினட்டுக்குள் காற்றோட்டம் சரியில்லை. அப்படியே இருந்தால் கோளாறு கூலரிலோ, சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட்டிலோ இருக்கிறது. ஏனென்றால் 3.9-இல் ஓடும்போதே 100 டிகிரி என்பது எனக்கு இடிக்கிறது. சமீபத்தில் கூலரைக் கழற்றினீர்களா?

கேட்டவர்

கதவைத் திறந்தும் 2 டிகிரிதான் வித்தியாசம். ஆமாம், போன மாதம் தூசி தட்டக் கழற்றினேன். புது பேஸ்ட்தான் போட்டேன்.

பதில் 3

கூலர் ஃபேன் எந்தப் பக்கம் காற்றை ஊதுகிறது? ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பாருங்கள்.

கேட்டவர்

சிரிக்காதீர்கள். ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறேன். அது முன்பக்கம் பார்த்து ஊதுகிறது, பின்பக்க ஃபேன் வெளியே இழுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டு கூலர் வெந்திருக்கிறது.

பதில் 2

நான் ஒருமுறை கூலர் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டி, இரண்டு நாள் பயாஸைக் குடைந்திருக்கிறேன். நீங்கள் பரவாயில்லை.

கேட்டவர்

ஃபேனைச் சரியாக மாட்டி, 125/150 வைத்தாயிற்று. விண்டோஸில் பழையபடி 100 சதவீதம். இப்போது 4.2-இல் நிலையாக ஓடுகிறது, 82 டிகிரி, ரெண்டர் 22 நிமிடம்! வரம்பு வைத்த பிறகு முன்பைவிட வேகம் கூடியிருக்கிறது. ஒரே ஒரு குறை: பிரவுசர் திறந்தாலே ஃபேன் ஒரு நொடி உறுமி அடங்குகிறது.

பதில் 3

டர்போ ஒரு நொடி எழும்பும்போது வெப்பமும் துள்ளும், ஃபேன் அதைத் துரத்துகிறது. பயாஸில் ஃபேன் வேகம் ஏறுவதற்கான தாமதத்தை 3 விநாடி போல வையுங்கள். 60 டிகிரி வரை ஃபேன் வேகக் கோட்டைத் தட்டையாக விட்டு, அதற்கு மேல் மெதுவாக ஏற்றுங்கள்.

கேட்டவர்

5 விநாடி வைத்தேன். உறுமல் நின்றுவிட்டது.