அம்மாவை நினைத்துப் படிக்க ஒரு நாவல் வேண்டும்

அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. தன்னம்பிக்கை நூல்கள் பத்துப் பக்கத்தைத் தாண்டவில்லை. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' படித்த அன்றுதான் வாய்விட்டு அழுதேன், விடியும்வரை தூங்கவும் செய்தேன். தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் வேகும் அந்தப் பெண்களிடம் அம்மாவின் கைகள் தெரிந்தன. இருபது வருடம் இட்லிக்கடை நடத்தி எங்களை வளர்த்தவர் அவர்.

அடுத்து 'எரியும் பனிக்காடு', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' இரண்டையும் முடித்துவிட்டேன். இருப்பது மதுரையில். போனில் படித்தால் கண் எரிகிறது, அச்சுப் புத்தகம்தான் சரிப்படும். கடைசியில் எல்லாம் கூடிவரும் கதை வேண்டாம், இப்போது அது பொய்யாகப் படுகிறது.

தனி ஆளாக அடுப்படியில் உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய பெண்ணைப் பற்றி, நீங்கள் படித்து மனம் ஆறிய நாவல் எது?