அவசரம்: பழைய லேண்ட்ரோவர் சூடேறினதும் நிக்குது, அடுத்த மாசம் கிளிநொச்சி போகணும்

கொழுந்துமடுவம்
எல்லாருக்கும் வணக்கம். வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே நின்னுருது, இருபது நிமிசம் விட்டா திரும்ப ஸ்டார்ட் ஆகுது, அப்புறம் பத்து நிமிசத்துல மறுபடி நிக்குது. அட்டன்ல இருந்து கிளிநொச்சி போகணும், அடுத்த மாசம் 3ம் திகதி அங்க கல்யாணம், அப்பாவையும் சேத்து அஞ்சு பேர். பழைய லேண்ட்ரோவர். என்னவா இருக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, எந்த ரோட்டுல போனா நல்லதுன்னும் சொல்லுங்க. அவசரம்.

பெரட்டுக்களம்
பெற்றோலா டீசலா?

ரம்பொடைக்காரன்
எந்த வருசத்து வண்டிங்க? நிக்கிறப்போ சூட்டு மீட்டர் எங்க இருக்கு? ஏத்தத்துல மட்டுமா, சமனான ரோட்டுலயுமா?

பழைய_இரும்பு
தம்பி, 1948ல இருந்து 1985 வரைக்கும் வந்த எல்லாமே பழைய லேண்ட்ரோவர்தான். கேள்வி கேக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு, இங்க வர்ற புதுப் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்றது. மீட்டர் டேஷ்போர்ட் நடுவுல இருந்தா சீரிஸ் 3க்கு முந்தினது, டிரைவர் கண்ணுக்கு நேரா இருந்தா சீரிஸ் 3. ஹெட்லைட் கிரில்லுக்குள்ளயா மட்காட்டுலயா? அதைப் பாத்து எழுதிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

சுன்னாகம்64
இது கார்ப்பரேட்டருக்குப் போற பெற்றோல் சூட்டில ஆவியாகிறது, வேற ஒண்டுமில்லை. எக்சோஸ்டுக்குக் கிட்டவா பைப் போனால் ஆவி அடைச்சுப்போடும், ஆறினாப் பிறகு ஸ்டார்ட் ஆகும். பைப்பைத் தள்ளி எடுத்துக் கட்டுங்கோ, ஈரத்துணி ஒண்டு சுத்துங்கோ. நாங்கள் 90களில பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணெயில ஒஸ்டின் ஏ40 கார் ஓட்டின ஆக்கள், கார்ப்பரேட்டருக்குள்ள சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. பழைய எஞ்சின்ர குணம் எங்களுக்குத் தெரியும்.

பெரட்டுக்களம்
2022ல பெற்றோல் இல்லாதப்ப மாசக்கணக்கா நிறுத்தி வச்ச வண்டியா? அப்படின்னா டாங்கிக்குள்ள துரு புடிச்சிருக்கும். துரு வந்து பைப்ப அடைக்கும், நின்னதும் கீழ இறங்கிரும், அதான் திரும்ப ஓடுது. டாங்கிய கழட்டி கழுவுங்க முதல்ல. எங்க மாமா வண்டி இதேதான்.

பதுளை_டீசல்
எதுக்கு இந்தப் பாடு. ஜப்பான் டீசல் எஞ்சின் ஒண்ணு தூக்கி வையுங்க, ஸ்பார்க் குடுக்கிற கொயிலும் இல்ல பொயின்டும் இல்ல, யாழ்ப்பாணம் போய்ட்டு வந்துரலாம். நான் போட்டு ஒன்பது வருசம்.

கொழுந்துமடுவம்
மன்னிச்சுக்குங்க, அவசரத்துல எழுதிட்டேன். பெற்றோல். சீரிஸ் 2ஏ, 1965, 2.25 லீட்டர் எஞ்சின், 109 இன்ச், பின்னால கான்வஸ் கூடாரம். மீட்டர் நடுவுல, ஹெட்லைட் கிரில்லுக்குள்ள. சூட்டு மீட்டர் முள்ளு நடுவுலதான் நிக்குது, தண்ணி கொதிக்கல. ஓடி முக்கா மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள வரும். மொதல்ல ரெண்டு மூணு தடவ இழுக்கும், சைலன்சர்ல டப்புனு ஒரு சத்தம், அப்புறம் நின்னுரும்.

எஞ்சின் மாத்துறது பத்தி சொன்னீங்க அண்ணே, தப்பா நெனைக்காதீங்க, அது முடியாது. அப்பா தோட்டத்துல டிரைவரா இருந்தவரு, இந்த வண்டியத்தான் ஓட்டுனாரு. தோட்டத்துல இந்த வண்டிய ஏலத்துல வித்தப்ப கடன் வாங்கி இதையே எடுத்தாரு. 83 கலவரத்துக்கு அப்புறம் எங்க அத்தை குடும்பம் எல்லாத்தையும் விட்டுட்டு கிளிநொச்சிப் பக்கம் போயிட்டாங்க, அவங்க பேத்திக்குத்தான் கல்யாணம். ரோடு தொறந்தப்புறம் அத்தை மூணு தடவ வந்துட்டுப் போயிட்டாங்க, அப்பா ஒரு தடவையும் போகல. போனா இந்த வண்டியிலதான் போவேன்னு நிக்கிறாரு, வயசு 74. பஸ்ல கூட்டிக்கிட்டுப் போன்னு சொல்றவங்க தயவுசெஞ்சு இதையும் யோசிங்க.

பதுளை_டீசல்
சரி தம்பி, புரியுது. ஆனா பாரம் ஏத்திக்கிட்டு அஞ்சு பேரோட போறப்ப லீட்டருக்கு 6 கிலோமீட்டர்தான் குடுக்கும், பெற்றோல் விலைய நெனச்சுப் பாருங்க.

பழைய_இரும்பு
எஞ்சின மாத்தினா அது லேண்ட்ரோவர் இல்ல, தகரத்துக்குள்ள வேற வண்டி. இந்த நாட்டுல ஒரிஜினல் எஞ்சினோட மிஞ்சி இருக்கிறத எல்லாம் உங்கள மாதிரி ஆளுங்கதான் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டாங்க.

பதுளை_டீசல்
நான் மரக்கறி ஏத்தி வயித்துப் பொழப்பு பாக்குறவன். வெளிமடையில இருந்து விடிய ரெண்டு மணிக்கு லோட் எடுக்கணும். நின்னு போச்சுன்னா லீக்ஸ் அழுகிப் போகும், ஒரிஜினல்னு சொன்னா யாரும் காசு குடுக்க மாட்டாங்க. வீட்டுல மூடி வச்சு ஞாயித்துக்கிழமை தொடைக்கிறவங்களுக்கு அது வேற.

பழைய_இரும்பு
நான் மூடி வச்சுத் தொடைக்கிறதில்ல. முப்பது வருசமா என் கையால கழட்டிப் பூட்டுறேன்.

சுன்னாகம்64
ரெண்டு பேரும் சரியாத்தான் கதைக்கிறியள், ஆனா தம்பிக்கு 3ம் திகதி கலியாணம்.

ரம்பொடைக்காரன்
ஆமாங்க, வண்டிக்கு வருவோம். இழுத்து, டப்புனு அடிச்சு நிக்குதுன்னா பெற்றோலாவும் இருக்கலாம், கரண்டாவும் இருக்கலாம். ஊகிச்சு ஒவ்வொண்ணா மாத்தாதீங்க, காசுதான் போகும். நின்ன உடனே, ஆறுறதுக்கு முன்னாடி, இந்த ஒழுங்குல பாருங்க. டாங்கி மூடிய தொறங்க, புஸ்ஸுனு காத்து உள்ள இழுத்தா மூடியில இருக்கிற மூச்சு ஓட்டை அடைச்சிருக்கு. அது இல்லன்னா பம்புக்குக் கீழ கண்ணாடிக் கிண்ணம் இருக்கும், அதுல பெற்றோல் நெறைஞ்சிருக்கா பாருங்க, பம்புல கையால அடிக்கிற சின்ன லிவர் ஒண்ணும் இருக்கு, அடிச்சா இறுகணும். பெற்றோல் இருந்தா அடுத்தது கொயில்ல இருந்து, பிளக்குகளுக்குக் கரண்ட பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற பெரிய வயர். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் புடுங்கி, ரப்பர் புடிச்ச இடுக்கியால எஞ்சின் இரும்புக்கு அரை சென்டிமீட்டர் தூரத்துல வச்சுக்கிட்டு ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்க. பெற்றோல் சிந்தி இருந்தா இதை மட்டும் செய்யாதீங்க. நீலமா சடார்னு பாஞ்சா கரண்டு நல்லா இருக்கு. மஞ்சளா மெலிசா வந்தா கொயில் இல்லாட்டி கண்டென்சர், அதாவது பொயின்டோட சேந்து இருக்கிற சின்ன கரண்டுச் சாமான், கெட்டிருக்கு. கொயில் மேல ஈரத்துணி போட்டு அஞ்சு நிமிசம் பாருங்க, தேறுனா கொயில்.

பழைய_இரும்பு
இதத்தான் நானும் சொல்ல வந்தேன். கூட ஒண்ணு, 1965 வண்டின்னா பொசிட்டிவ் எர்த், அதாவது பெட்டரியோட கூட்டல் பக்கம்தான் பாடியில. கொயில மாத்தினா வயர் பக்கம் மாறிரக் கூடாது. போன் சார்ஜர், ரேடியோ எதுவும் யோசிக்காம பூட்டினா கருகிப் போகும்.

சுன்னாகம்64
இன்னொண்டு. மலையில டியூன் பண்ணின கார்ப்பரேட்டர் கீழ வந்தால் காத்துக் கூடி பெற்றோல் குறைஞ்சு ஓடும், எஞ்சின் சூடு பிடிக்கும். தம்புள்ளை தாண்டினாப் பிறகு ஸ்பார்க் பிளக் ஒண்டைக் கழட்டிப் பாருங்கோ, வெள்ளையா இருந்தால் மிக்சரைக் கொஞ்சம் கூட்டுங்கோ.

பெரட்டுக்களம்
அதெல்லாம் சரி, பிரேக் பாத்தீங்களா? யாரும் பேசவே இல்ல. 65 வண்டிக்கு நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன், எங்க ஒரு ரப்பர் பைப் வெடிச்சாலும் நாலும் போயிரும். கை பிரேக்கும் சக்கரத்துல இல்ல, கியர் பெட்டிக்குப் பின்னால ஷாஃப்டுல பிடிக்கிறது, ஓடுறப்ப இழுத்தா உடைச்சுக்குவீங்க. அட்டன்ல இருந்து இறங்குறதுக்கு முன்னாடி ரப்பர் பைப் எல்லாம் புதுசு போடுங்க. 2ஏல மூணு, நாலு கியருக்கு மட்டுந்தான் சிங்க்ரோ, அதாவது கியர் லேசா விழுற வசதி, பாதி இறக்கத்துல ரெண்டுக்குப் போடப் பாத்தா கிளட்ச ரெண்டு தடவ மிதிச்சு ரெட்டைக் கிளட்ச் அடிக்கணும். இறக்கம் தொடங்குறதுக்கு முன்னாடியே ரெண்டுல போட்டுட்டு இறங்குங்க.

ரம்பொடைக்காரன்
பாதை கேட்டீங்கல்ல. தலவாக்கலை, நுவரெலியா ஏறி ரம்பொடை, புசல்லாவை வழியா கம்பளைக்கு இறங்குங்க. ரோடு அகலம், வியூவும் நல்லா இருக்கும்.

பெரட்டுக்களம்
அதுக்கு நுவரெலியாவுக்கு 1868 மீட்டர் உயரம் வரைக்கும் ஏறி எறங்கணும், எதுக்கு? அட்டன்ல இருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை. தூரமும் கொறவு, பெற்றோலும் மிச்சம். உங்க ஊர் ரோடுங்கறதுக்காக சொல்லாதீங்க.

ரம்பொடைக்காரன்
ஊர்ப் பாசத்துல சொல்லல. கினிகத்தேனைப் பக்கம் மழை நேரத்துல மண்சரிவும் பனியும். சரி, மழை இல்லன்னா நீங்க சொல்றது கிட்டத்தான்.

வன்னித்தம்பி
நான் முறிகண்டிப் பக்கம். தம்பி, விடிய நாலு மணிக்கு முதல் வெளிக்கிடுங்கோ, கட்டுகஸ்தோட்டை நெரிசலைத் தாண்டி மாத்தளைக்குப் போயிட்டியள் எண்டால் பிறகு ஏ9 நேர் ரோட்டு. கண்டியில இருந்து யாழ்ப்பாணம் 321 கிலோமீட்டர், எங்கட இடம் அதுக்கு முதலே வந்திடும். உச்சி வெயிலுக்குத் தம்புள்ளையில இல்லாட்டி மதவாச்சியில ரெண்டு மணித்தியாலம் எஞ்சினை ஆற விடுங்கோ, உங்கட ஐயாவும் படுக்கட்டும். சீட்டுக்குக் கீழ 45 லீட்டர் டாங்கிதானே, ஒரு டாங்கியில வந்து சேரமாட்டியள், வவுனியாவில கட்டாயம் அடியுங்கோ. வவுனியா தாண்டினால் இருட்டு முதல் வந்து சேருங்கோ, ராவில மாடு றோட்டில படுத்திருக்கும், உங்கட லைட்டுக்குத் தெரியாது.

ஓமந்தைச் சோதனைச் சாவடியில சாமானையெல்லாம் இறக்கி வரிசையில நிண்ட காலம் உங்கட மாமிக்குத் தெரியும், இப்ப அதொண்டும் இல்லை. முறிகண்டிப் பிள்ளையாரில நிப்பாட்டித் தேங்காய் உடையுங்கோ, கடலையும் வாங்குங்கோ, ஒருத்தரும் நிக்காமல் போறேல்ல.

பழைய_இரும்பு
தம்பியக் காணோம். இப்படித்தான், கேட்டுட்டுப் போயிருவாங்க.

கொழுந்துமடுவம்
இருக்கேங்க, ரெண்டு நாளா வண்டியோடதான். ரம்பொடை அண்ணன் சொன்ன மாதிரியே செஞ்சேன். நோட்டன் பிரிட்ஜ் ரோட்டுல வச்சு நின்னுச்சு. மூடி தொறந்தேன், சத்தம் இல்ல. கண்ணாடிக் கிண்ணம் நெறைஞ்சு இருந்துச்சு. ஸ்பார்க் மஞ்சளா நூல் மாதிரி வந்துச்சு. கொயில்ல ஈரத்துணி போட்டேன், மாத்தமே இல்ல.

அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, மொத தடவையே சொல்லி இருக்கணும், போன மாசம் சர்விஸுக்குக் குடுத்தப்ப பொயின்டும் கண்டென்சரும் புதுசு போட்டாங்க. நிக்க ஆரம்பிச்சதே அதுக்கு அப்புறந்தான். புதுசுதானேன்னு அதை நெனைக்கவே இல்ல.

ரம்பொடைக்காரன்
அதேதான். இப்ப வர்ற கண்டென்சர் நெறைய இப்படித்தான், சூடேறினதும் விட்ருது. பழசு இருந்தா அதையே போடுங்க.

கொழுந்துமடுவம்
அப்பா கழட்டுன எதையும் வீச மாட்டாரு. பால்மா டின் ஒண்ணுல பழைய பொயின்ட், பல்பு, ஸ்குரூ எல்லாம் போட்டு வச்சிருந்தாரு, அதுக்குள்ள பழைய லூகாஸ் கண்டென்சர் கெடந்துச்சு. அவரே பூட்டுனாரு, கை நடுங்குது ஆனா என்னைய தொட விடல. நேத்து நுவரெலியா போய்ட்டு வந்தோம், எங்கயும் நிக்கல. பிரேக் ரப்பர் பைப் எல்லாம் சொல்லி வச்சிருக்கேன், வியாழக்கெழம வருது. எல்லாருக்கும் ரொம்ப நன்றி, டீசல் அண்ணனுக்கும்.

பதுளை_டீசல்
நல்லது தம்பி. ஸ்பெயார் கண்டென்சர் ஒண்ணும், பொயின்ட் செட் ஒண்ணும், ஃபேன் பெல்டும் கையோட வச்சுக்கிட்டுப் போங்க. வழியில கராஜ் பாஸ்மாருக்கு இந்த வண்டி சாமான் இருக்காது.

வன்னித்தம்பி
எப்ப வாறியள் எண்டு எழுதுங்கோ. முறிகண்டியில வந்து நிக்கிறன்.

கொழுந்துமடுவம்
முறிகண்டியில நிக்கிறோம். வவுனியாவுல பெற்றோல் அடிச்சோம். மதவாச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு தடவ இழுத்துச்சு, பொயின்ட சுத்தம் பண்ணுனதும் சரி. வன்னி அண்ணன் கடலை வாங்கிக் குடுத்தாரு. அத்தை போன் மேல போன். அப்பா தேங்கா உடைச்சிட்டு டிரைவர் சீட்டுல ஏறிக்கிட்டாரு, மிச்ச ரோட்டுக்கு அவருதான் ஓட்டுறாராம்.