ஃப்ரைடே நைட் லைட்ஸ்: அந்த டாஸும் கடைசி ஆட்டமும் நிஜமா?

மழைக்காகம்:
நேற்று ராத்திரிதான் ஃப்ரைடே நைட் லைட்ஸ் (2004) பார்த்தேன். டெக்சஸில் ஒடெஸ்ஸா என்று ஓர் எண்ணெய் ஊர், அங்கே பெர்மியன் என்ற பள்ளிக்கூடம், அதன் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ஆடுகிறது என்றால் ஊரே ஸ்டேடியத்தில்தான் கிடக்கிறது. ஆட்டத்தின் விதி எனக்குச் சுத்தமாகத் தெரியாது, ஆனாலும் கடைசிவரை எழுந்திருக்க முடியவில்லை. ரெண்டு சந்தேகம். மூன்று கோச்சுகள் கூடி காசைச் சுண்டி யார் அடுத்த சுற்றுக்குப் போவது என்று முடிவு செய்கிறார்களே, அது சினிமாவுக்காகச் சேர்த்ததா? அப்புறம் ஹூஸ்டனில் நடக்கும் ஃபைனலில் கோட்டைத் தொடாமல் கொஞ்சத்தில் தோற்பது? 1988இல் நடந்த உண்மைக் கதை என்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன்.

பழைய டிக்கெட்:
டாஸ் நிஜம்தான். பெர்மியன், மிட்லண்ட் லீ, மிட்லண்ட் ஹை மூன்று பள்ளிகளும் மாவட்டத்தில் சமமாக நின்றன, பிளே-ஆஃப் என்ற அடுத்த சுற்றுக்கு இடமோ ரெண்டுதான். அதனால் ஆளுக்கொரு காசு சுண்டி, யாருடையது மற்ற ரெண்டுக்கும் மாறாக விழுகிறதோ அவர் வீட்டுக்கு. நள்ளிரவு தாண்டி ஒரு டிரக் ஸ்டாப்பில் நடந்தது, உள்ளூர் டிவியில் நேரடியாகக் காட்டினார்கள், ஊரே முழித்திருந்து பார்த்தது. மிட்லண்ட் ஹை வெளியே போனது.

அந்த நிலைமைக்கு வந்ததே பெர்மியன் மிட்லண்ட் லீயிடம் 22-21 என்று ஒரே ஒரு பாயின்ட்டில் தோற்றதால்தான். தோற்ற ராத்திரி பெர்மியன் கோச் கேரி கெய்ன்ஸ் வீட்டுப் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' பலகைகளை நட்டு வைத்தார்களே, அதுவும் கற்பனை இல்லை. ஒரு பாயின்ட்டுக்கு ஊரைவிட்டுக் கிளம்பு என்கிறார்கள்!

கோடை இடி:
ஃபைனல் பொய். பெர்மியன் ஃபைனலுக்கே போகவில்லை. டல்லஸ் கார்ட்டர் பள்ளியிடம் தோற்றது அரையிறுதியில், ஆஸ்டினில், கொட்டும் மழையில், 14-9. படத்தில் கூரை போட்ட ஆஸ்ட்ரோடோம் ஸ்டேடியம், 34-28, கடைசி நொடி என்று ஏற்றிவிட்டார்கள். அது பரவாயில்லை, சினிமா. எனக்கு உறுத்துவது கார்ட்டர் பையன்களை ராட்சசர்கள் மாதிரி காட்டியது. கார்ட்டர் கறுப்பினப் பையன்கள் படித்த பள்ளி, அவர்களுக்குத் தனியாக ஒரு பெரிய கதை இருக்கிறது. ஒரு பாடத்தில் ஃபெயில் ஆனால் ஆடக்கூடாது என்று டெக்சஸில் 1984இலேயே சட்டம் வந்துவிட்டது. கார்ட்டர் ஆட்டக்காரர் ஒருவரின் கணக்கு மார்க்கை வைத்து கோர்ட்வரை போய், ஒருவழியாக ஆடி, ஃபைனலில் கன்வர்ஸ் ஜட்சன் பள்ளியை 31-14 என்று அடித்துக் கோப்பை வாங்கினார்கள். பிறகு அதே மார்க் விவகாரத்தில் பட்டத்தைப் பிடுங்கி ஜட்சனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இதில் ஒரு வரிகூடப் படத்தில் கிடையாது.

நூலகத்துப் பூனை:
மூலப் புத்தகத்தைப் படியுங்கள். பஸ் பிஸ்ஸிங்கர் ஒடெஸ்ஸாவுக்கே குடிபோய் அந்த சீசன் முழுக்க டீமோடு இருந்து எழுதியது, 1990இல் வந்தது. படம் எடுத்த பீட்டர் பெர்க் அவருக்குக் கசின்தான், இருந்தும் புத்தகத்தில் இருந்த கோபத்தைப் பாதிக்குமேல் வடிகட்டிவிட்டார். ஃபுட்பால் பையன்களின் மருந்து, கட்டுச் செலவு 6,750 டாலர், இங்கிலீஷ் துறையின் பாடப் பொருள்களுக்கு 5,040 டாலர். இந்த மாதிரிக் கணக்குகளைப் புத்தகம் பேர் போட்டுச் சொல்கிறது. வெளியூர் ஆட்டத்துக்குத் தனி விமானம் வேறு.

பெர்மியனின் நட்சத்திர ஆட்டக்காரன் பூபி மைல்ஸ் விஷயமும் அப்படித்தான். படத்தில் முதல் ஆட்டத்தில் முழங்கால் போகிறது, நிஜத்தில் சீசன் தொடங்கும் முன்னாடியே ஒரு பயிற்சி ஆட்டத்தில். காயம்பட்ட பிறகு அந்தக் கறுப்பினப் பையனைப் பற்றி ஊர்க்காரர்கள் சிலர் பேசியதைப் படித்தால் வயிறு எரியும். படத்தில் அவன் காருக்குள் உட்கார்ந்து அழும் காட்சியோடு நம்மை அனுப்பிவிடுகிறார்கள். நன்றாக அழ வைத்தார்கள், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் யார்மேல் கோபப்பட வேண்டும் என்பதை மறைத்துவிட்டார்கள். புத்தகம் வந்தபோது மிரட்டல் வந்து, ஒடெஸ்ஸாவில் நடக்கவிருந்த கையெழுத்து நிகழ்ச்சியையே பிஸ்ஸிங்கர் ரத்து செய்தார். படத்துக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை, ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய டிக்கெட்:
பூனை சொல்வது சரி, ஆனால் ரெண்டு மணி நேரத்தில் எல்லாம் அடங்காது. ஒளிப்பதிவும் எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை என்ற குழுவின் இசையும் சேர்ந்து அந்த வறண்ட ஊரைக் காட்டிய விதத்துக்கே நான் மன்னித்துவிடுவேன்.

மழைக்காகம்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அடுத்த வருஷம் பெர்மியன் என்ன ஆச்சு? சீரியலும் இருக்கிறதாமே, அதைப் பார்க்கலாமா?

கோடை இடி:
1989இல் அதே கெய்ன்ஸ் தலைமையில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் மாநில சாம்பியன். அதை யாரும் படமாக எடுக்கவில்லை பாருங்கள். சீரியல் 2006இலிருந்து 2011வரை அஞ்சு சீசன், டில்லன் என்று கற்பனை ஊர், கதையும் வேறு. கோச் மனைவியாகப் படத்தில் வந்த கானி பிரிட்டன்தான் சீரியலிலும் கோச் மனைவி. படத்தில் அவருக்கு வேலையே இல்லை, சீரியலில் அவர்தான் பாதி பலம். தாராளமாகப் பாருங்கள், ரெண்டாவது சீசனில் ஒரு கொலைக் கதை வந்து கழுத்தறுக்கும், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.